முழுமை பெறாத மாட்யூல் அமைப்புக்கு டெவலப்பர்களிடம் கருத்துத் திரட்டுவது எப்படி: படிப்படியான வழிகாட்டி

2017 மே மாதம் ஜாவாவின் மாட்யூல் அமைப்பு, அதாவது கோடைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து எது எதைத் தொடலாம் என்று வரையறுக்கும் ஏற்பாடு, ஜாவாவின் மாற்றங்களை அங்கீகரிக்கும் செயற்குழுவின் வாக்கெடுப்பில் தோற்றது. ஜேஎஸ்ஆர் 376 என்ற அந்த வரைவை ஆதரித்து 10 வாக்குகள், எதிர்த்து 13. ஜிக்சா என்ற பெயரில் 2008-இல் தொடங்கிய வேலை அது. ஜாவா 7-இல் வரும் என்றார்கள், பிறகு 8 என்றார்கள், கடைசியில் 9-க்குத் தள்ளிப்போனது. அத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகும் ஐபிஎம், ரெட் ஹேட் போன்ற பெரிய நிறுவனங்கள் எதிர்த்து வாக்களித்தன.

அடுத்த மாதம் நடந்த மறு வாக்கெடுப்பில் 24 வாக்குகள் ஆதரவாக விழுந்தன. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ரெட் ஹேட் மட்டும் நடுநிலை வகித்தது. இடைப்பட்ட சில வாரங்களில் மாட்யூல் அமைப்பின் அடிப்படை வடிவம் மாறிவிடவில்லை. அந்த நாட்களில் நடந்த விவாதத்தில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருக்கும் கோடு (code, நிரல்) இந்தப் புதிய அமைப்புக்குள் எப்படி வந்து சேரும்? பழைய ஜார் கோப்புக்கு (ஜாவா கோடைப் பொதிந்து தரும் கோப்பு) மாட்யூல் பெயரை யார் வைப்பது? ரிஃப்ளெக்ஷன் மூலம் மற்ற வகுப்புகளுக்குள் எட்டிப் பார்க்கும் லைப்ரரிகள் என்ன ஆகும்?

மாட்யூல் அமைப்புக்குக் கருத்துக் கேட்பதில் இருக்கும் சிக்கல் முழுவதும் இங்கே அடங்கியிருக்கிறது. ஒரு மொழியில் புதிதாக ஒரு லூப் வகையைச் சேர்த்தால், பிடிக்காதவர் அதைத் தொடாமல் இருந்துவிடலாம். மாட்யூல் அமைப்பு அப்படி இல்லை. ஒவ்வொரு கோப்பின் முதல் சில வரிகளையும் தொடுகிறது. கோடை ஓடும் நிரலாகக் கட்டும் பில்டு டூல், எடிட்டர், பேக்கேஜ் சர்வர், நிறுவனத்தின் உள் நெட்வொர்க் வரை அதன் கை நீள்கிறது. வரைவைப் படித்துப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்பவருக்குக்கூட, தன் சொந்த கோடை அதற்கு மாற்ற முயலும்வரை எதுவும் தெரியாது. ஆகவே கருத்து வர வேண்டிய இடம், கோடை மாற்றிப் பார்த்தவரின் அனுபவம். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்த ஒரு வேலையை எளிதாக்கத்தான்.

படி 1: எது முடிவானது, எது திறந்திருக்கிறது என்று முதலில் எழுதுங்கள்

கருத்துக் கேட்கத் தொடங்குவதற்கு முன் இரண்டு பக்க ஆவணம் ஒன்று வேண்டும். அதில் மூன்று பகுதிகள் போதும். இவை முடிவானவை, மாறாது. இவற்றில் இரண்டு வழிகளுக்கு இடையே யோசித்துக்கொண்டிருக்கிறோம். இவற்றைப் பற்றி இன்னும் யோசிக்கவே இல்லை.

மூன்றாவது பகுதியை எழுதத்தான் பலரும் தயங்குவார்கள். ஆனால் அதைப் படிப்பவர்தான் உதவிக்கு வருவார். முடிவானவற்றை மறைத்து, எல்லாம் திறந்திருப்பதுபோலக் காட்டிக் கேட்பது இன்னும் மோசமானது. மாற முடியாத ஒன்றைப் பற்றி ஒருவர் தன் வார இறுதியைச் செலவழித்து எழுதிய அறிக்கைக்கு, "அது ஏற்கெனவே முடிவு செய்தது" என்று பதில் போனால், அவர் மறுபடி எழுத மாட்டார்.

இதே ஆவணத்தில் 'சோதனை முயற்சி' என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதும் இருக்கட்டும். கோ மொழியில் பேக்கேஜ்களையும் அவற்றின் வெர்ஷன்களையும் நிர்வகிக்கும் டெப் என்ற டூலை 2016-இல் சமூகத்தினர் கூடி உருவாக்கத் தொடங்கினார்கள். அதிகாரபூர்வமான சோதனை முயற்சி என்றுதான் அதை அறிமுகப்படுத்தினார்கள். அது நாளை கோ கமாண்டுக்குள்ளேயே சேர்ந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்து அதற்கு மாறினார்கள், அதற்காக உழைத்தார்கள். 2018 பிப்ரவரியில், கோ குழுவின் அப்போதைய தொழில்நுட்பத் தலைவர் ரஸ் காக்ஸ் விகோ என்ற முற்றிலும் வேறான வடிவத்தைக் கட்டுரைத் தொடராகவும், ஓடும் மாதிரியாகவும் வெளியிட்டார். தொழில்நுட்பக் காரணங்கள் அதில் விரிவாக இருந்தன. அந்தக் கட்டுரைகள் இன்றும் படிக்கத் தக்கவை. ஆனால் டெப்பில் உழைத்தவர்களுக்கு ஏற்பட்ட வருத்தமும் நியாயமானதுதான். சோதனை எந்த நிலையில் வெற்றி, எந்த நிலையில் கைவிடப்படும், யார் முடிவெடுப்பார் என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்தால் அந்த வருத்தத்தில் பாதியைத் தவிர்க்கலாம்.

படி 2: யாரிடம் கேட்பது

உங்கள் அழைப்பைப் பார்த்துத் தானாக வருபவர்கள் ஒரே வகையினராக இருப்பார்கள்: மொழி வடிவமைப்பில் ஆர்வமுள்ளவர்கள், புதிய கம்பைலரை உடனே போட்டுப் பார்ப்பவர்கள், சின்ன புராஜெக்ட்டை வைத்திருப்பவர்கள். அவர்களும் வேண்டும். ஆனால் மாட்யூல் அமைப்பின் வலி வேறு இடத்தில் இருக்கிறது.

லைப்ரரி எழுதுபவர்களை முதலில் தேடுங்கள். செயலி எழுதுபவர் ஒருமுறை மாறினால் முடிந்தது. லைப்ரரி எழுதியவரோ பழைய அமைப்பிலும் புதியதிலும் ஒரே நேரத்தில் ஓட வைக்க வேண்டும், பல ஆண்டுகளுக்கு. அவர் நின்றுவிட்டால் அவர் லைப்ரரியை நம்பியிருக்கும் அத்தனை பேரும் நிற்பார்கள்.

அடுத்து, பில்டு டூல் எழுதுபவர்கள். இவர்களைத் தாமதமாக அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சி++ நல்ல உதாரணம். மாட்யூல்கள் சி++20 தரத்தில் சேர்ந்தன. பழைய ஹெடர் முறையில் எந்தக் கோப்பையும் எந்த வரிசையிலும் கம்பைல் செய்யலாம். மாட்யூல் வந்ததும், எந்தக் கோப்பு எந்த மாட்யூலைத் தருகிறது என்று முதலில் கண்டுபிடித்து, அதன்படி வரிசை போட வேண்டியிருந்தது. ஃபோர்ட்ரானில் இதே சிக்கல் பல ஆண்டுகளாக இருக்கிறது, அதை பில்டு டூல்காரர்கள் நன்றாக அறிவார்கள். 2018, 2019 வாக்கில் அவர்கள் சி++ தரக் குழுவுக்கு எழுதிய எச்சரிக்கை ஒன்றின் தலைப்பே ஃபோர்ட்ரானை நினைவில் வையுங்கள் என்பதுதான். சிமேக் என்ற பில்டு டூலில் சி++ மாட்யூல் ஆதரவு சோதனை நிலையைத் தாண்டியது 3.28 வெர்ஷனில், 2023 டிசம்பரில். தரம் வெளியாகி மூன்று ஆண்டு கழித்து. மொழியில் இருக்கிறது, ஆனால் பயன்படுத்த வழியில்லை என்ற நிலையில் அத்தனை காலம் ஓடியது.

அப்புறம் இணையத்தை நேரடியாகத் தொட முடியாத இடங்களில் வேலை செய்பவர்கள். வங்கி, மருத்துவமனை, அரசுத் துறை போன்ற இடங்களின் கோடு உள் சர்வரில் இருக்கும், வெளியே போக ப்ராக்ஸி என்ற இடைநிலை சர்வரைத் தாண்ட வேண்டும். கோ 1.13-இல் பேக்கேஜ்களைப் பொது ப்ராக்ஸி வழியாக எடுப்பதும், உள்ளடக்கம் மாறவில்லை என்று செக்சம் சர்வரில் சரிபார்ப்பதும் இயல்பான அமைப்பாக ஆயின. உள் சர்வரில் இருக்கும் தனிப்பட்ட பேக்கேஜ்களின் பெயர் வெளியே கசியக்கூடாது, அவற்றை அங்கே தேடவும் கூடாது என்பதால் அவற்றுக்கு விலக்குக் கேட்கும் அமைப்பையும் அதே ரிலீஸில் தர வேண்டியிருந்தது. திறந்த மூல கோடை மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது.

லினக்ஸ் வினியோகங்களுக்குப் பேக்கேஜ் கட்டுபவர்கள், மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆகியோரையும் ஓரிருவராவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தரப்பை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த மொழிகளில் அன்றாடம் வேலை செய்யும் நம் ஊர் டெவலப்பர்களில் பலர், நூற்றுக்கணக்கான பதில்கள் கொண்ட ஆங்கில விவாதங்களில் தலைகாட்டுவதே இல்லை. சொல்வதற்கு இல்லாமல் அல்ல. அங்கே வாதாடும் ஆங்கிலம் வேண்டும், மற்றவர்கள் முன் தவறாகிவிடுமோ என்ற கூச்சம் வேறு. அவர்களிடமே "என்ன கமாண்ட் அடித்தீர்கள், என்ன எரர் வந்தது, அதை அப்படியே ஒட்டுங்கள்" என்று கேட்டால் உடனே தருவார்கள். கருத்தைத் தரும் வழி வாதமாக மட்டும் இருந்தால் ஜப்பானிலும் பிரேசிலிலும் இருப்பவர்களையும் இதே காரணத்துக்காக இழப்பீர்கள்.

படி 3: ஓடும் ஒன்றைக் கொடுங்கள், திரும்பிப் போகும் வழியோடு

வரைவை மட்டும் கொடுத்துக் கருத்துக் கேட்டால் வரைவைப் பற்றிய கருத்துதான் வரும்: எந்தச் சொல் அழகு, எந்தக் குறி வேண்டும், புள்ளியா இரட்டைப் புள்ளியா. ஓடும் மாதிரி எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. எது இன்னும் வேலை செய்யாது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அதை எப்படித் திறப்பது என்பதில் மூன்று மொழிகள் மூன்று வழிகளை எடுத்தன.

ரஸ்ட்டில் இன்னும் முழுமை பெறாத அம்சம் எதுவும் நைட்லி என்ற, தினமும் வெளியாகும் சோதனைக் கம்பைலரில் மட்டும்தான் ஓடும், அதிலும் அந்த அம்சத்தின் பெயரைச் சொல்லித் திறக்க வேண்டும். நிலையான கம்பைலர் அதை ஏற்கவே ஏற்காது. இதன் பலன் பெரிது. யாரும் தெரியாமல் அதை நம்பி புராடக்‌ஷன் கோடு எழுதிவிட முடியாது. எனவே வடிவமைப்பாளர்களுக்கு மாற்றும் சுதந்திரம் கடைசிவரை இருக்கிறது.

கோ 2018 ஆகஸ்ட்டில் வந்த 1.11 வெர்ஷனில் மாட்யூல்களைச் சோதனை நிலையிலேயே சேர்த்தது. ஒரு என்வைரன்மென்ட் வேரியபிளுக்கு மூன்று மதிப்புகள்: ஆன், ஆஃப், ஆட்டோ. ஆட்டோவில் விட்டால், கோ கோடு முழுவதும் முன்பு இருக்க வேண்டிய கோபாத் கோப்புறைக்கு வெளியே இருக்கும், மாட்யூல் கோப்பு உள்ள புராஜெக்ட்டுகளுக்கு மட்டும் புதிய முறை. பழைய கோடைத் தொடாதவருக்கு ஒன்றும் உடையாது, புதிதாகத் தொடங்குபவர் கூடுதலாக எதையும் திறக்க வேண்டாம். கூடவே பழைய டூல்களின் லாக் கோப்புகளை (எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று பதிந்தவை) படித்துப் புதிய மாட்யூல் கோப்பைத் தானே எழுதும் வசதியும் இருந்தது. டெப் பயன்படுத்தியவர் ஒரே கமாண்டில் மாறிப் பார்க்கலாம். கருத்துத் திரட்ட நினைப்பவர் முதலில் எழுத வேண்டிய நிரல் இந்த மாற்றும் டூல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சோதித்துப் பார்க்க அரை நாள் ஆகும் என்றால் சிலர் வருவார்கள். பத்து நிமிடம் என்றால் பலர் வருவார்கள்.

உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில் கதை வேறு. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு மாட்யூல் இலக்கணம் 2015-இல் தரமாகிவிட்டது. நோட் அதை ஒரு சோதனை ஃபிளாகுக்குப் பின்னால், எம்ஜேஎஸ் என்ற தனிக் கோப்பு நீட்சியோடு 2017 செப்டம்பரில் தந்தது. ஃபிளாக் இல்லாமல் ஓடும் நிலை 2019 நவம்பரில் வந்த 13.2 வெர்ஷனில்தான். இந்த இடைவெளியில் டெவலப்பர்கள் சும்மா இருக்கவில்லை. பேபல், வெப்பேக் போன்ற கோடை மாற்றித் தரும் டூல்கள் வழியாக இம்போர்ட் வரிகளை ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அது நோடின் பழைய மாட்யூல் முறையான காமன்ஜேஎஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே பழைய பேக்கேஜிலிருந்து பெயர் சொல்லி ஒரு ஃபங்ஷனை இம்போர்ட் செய்வது நோடில் தோற்றபோது, அவர்கள் கண்ணுக்கு அது புதிய விதியாகத் தெரியவில்லை, பக் ஆகத்தான் தெரிந்தது. பழைய பேக்கேஜ்களின் கோடை அலசி ஏற்றுமதிப் பெயர்களை ஊகிக்கும் வசதியை 2020-இல் சேர்த்த பிறகுதான் அந்த வலி குறைந்தது. மாதிரியை வெளியிடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்: இதே இலக்கணத்தை வேறு டூல் எதுவும் வேறு பொருளில் ஏற்கெனவே பழக்கிவிட்டதா? பழக்கியிருந்தால், உங்கள் வரைவைப் படித்தவர்களைவிட அந்தப் பழக்கத்தில் இருப்பவர்களிடம்தான் அதிகம் கேட்க வேண்டும்.

திரும்பிப் போகும் வழியும் மறக்கக்கூடாது. மாற்றிய கோப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று அறிமுகப் பக்கத்தின் முதல் திரையிலேயே சொல்லுங்கள். சோதனை நிலையில் இருக்கிறது என்ற எச்சரிக்கையை டூலே அச்சிடட்டும், அதில் கருத்தைத் தெரிவிக்கும் வழியும் இருக்கட்டும். அது ஒருமுறை மட்டும் வரட்டும். ஒவ்வொரு பில்டிலும் வந்தால் மறைக்கும் வழியைத் தேடிவிடுவார்கள்.

படி 4: கேள்வியைக் கேட்காதீர்கள், வேலையைக் கொடுங்கள்

"புதிய மாட்யூல் அமைப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்று" அல்லது "பழையதே மேல்". இரண்டாலும் பயனில்லை. 2017-இல் கோ மொழியின் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசும்போது ரஸ் காக்ஸ் சமூகத்திடம் அனுபவ அறிக்கைகளைக் கேட்டார். தீர்வை முன்மொழிய வேண்டாம், உங்கள் வேலையில் எங்கே, எப்படி, ஏன் தடைப்பட்டது என்று உண்மையான உதாரணத்தோடு எழுதுங்கள் என்பது அதன் சாரம். மாட்யூல் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது.

அறிக்கை எழுத ஒரு காரணம் வேண்டும். அதற்காகக் குறிப்பிட்ட வேலைகளைக் கொடுங்கள். நான் பரிந்துரைப்பவை:

உங்களிடம் இருக்கும் மிகச் சிறிய லைப்ரரியைப் புதிய அமைப்புக்கு மாற்றுங்கள்.

அதிகமான பேக்கேஜ்களை நம்பியிருக்கும் ஒரு செயலியை மாற்றுங்கள். அந்தப் பேக்கேஜ்களில் சில இன்னும் மாறாமல் இருக்கட்டும்.

நம்பியிருக்கும் பேக்கேஜ் ஒன்றில் பக் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதை உங்கள் மெஷினிலேயே திருத்தி, திருத்திய வடிவத்தோடு உங்கள் செயலியை ஓட்டுங்கள்.

பழைய வடிவத்தோடு ஒத்துப்போகாத புதிய பெரிய வெர்ஷன் ஒன்றை வெளியிடுங்கள்.

இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு பில்டு செய்யுங்கள்.

மூன்றாவது வேலையை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். கோ மாட்யூல்களில் பலரை நீண்ட காலம் வாட்டியது அதுதான். இரண்டு மாட்யூல்களில் ஒரே நேரத்தில் வேலை செய்ய, மாட்யூல் கோப்பில் ரீப்ளேஸ் என்ற வரியைச் சேர்த்து உங்கள் மெஷினில் இருக்கும் பிரதியைக் காட்ட வேண்டும். வேலை முடிந்ததும் அதை நீக்க மறந்தால், உங்கள் கணினியின் கோப்புறைப் பாதை அப்படியே கமிட்டில் ஏறிவிடும். இதற்கான சரியான தீர்வாக ஒர்க்ஸ்பேஸ் முறை வந்தது 1.18-இல், 2022 மார்ச்சில். சோதனை வெளியீட்டுக்கு மூன்றரை ஆண்டு கழித்து. ஹலோ வேர்ல்ட் அளவிலான சோதனையில் இந்தத் தேவை ஒருபோதும் வெளிவராது.

ஒவ்வொரு வேலைக்கும் பிறகு நிரப்ப ஒரு சிறு படிவம் இருக்கட்டும். ஐந்து கேள்விகளுக்கு மேல் வேண்டாம்:

என்ன செய்ய முயன்றீர்கள்?
என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது?
முதன்முதலில் நின்றது எந்த இடத்தில்? அந்த எரர் மெசேஜை முழுதாக ஒட்டவும்.
எதைப் படித்தோ யாரைக் கேட்டோ அதைத் தாண்டினீர்கள்?
தாண்ட முடியாமல் வேறு குறுக்குவழி எடுத்தீர்களா? அது என்ன?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பொன். ஒருவர் கோப்புகளை நகலெடுத்து ஒட்டியிருப்பார், இன்னொருவர் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருப்பார். ஐந்து பேர் தனித்தனியாக ஒரே குறுக்குவழியைக் கண்டுபிடித்திருந்தால், உங்கள் அமைப்பில் இல்லாத அம்சம் எது என்று அவர்களே வரைந்து காட்டிவிட்டார்கள்.

"முதன்முதலில்" என்ற சொல்லையும் விடாதீர்கள். மூன்று மணி நேரம் கழித்து நினைவில் நிற்பது கடைசியாக வந்த எரர். தொடக்கத்தில் தடுக்கிய இடம் மறந்துவிடும். புதிதாக வரும் ஒவ்வொருவரும் தடுக்கப்போவது அங்கேதான்.

படி 5: சிலரின் பக்கத்தில் உட்காருங்கள்

நேரிலோ திரையைப் பகிர்ந்தோ, ஐந்தாறு பேர் போதும். அவர் தன் புராஜெக்ட்டை மாற்றட்டும், மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லட்டும். நீங்கள் வாய் திறக்காதீர்கள். கஷ்டமான பகுதி இதுதான். உங்களுக்குத் தெரிந்த விடையை அவர் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். படிவத்தில் யாரும் எழுதாத விஷயங்கள் இங்கே தெரியும்: எரர் மெசேஜின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மேலே போவது, கோப்புறைப் பெயரும் மாட்யூல் பெயரும் ஒன்று என்று நினைத்துக்கொள்வது, கமாண்ட் வெற்றிகரமாக முடிந்தும் எதுவும் அச்சிடாததால் மறுபடி அடிப்பது.

படி 6: இரண்டு வழிகளில் குழப்பமா? இரண்டையும் ஓட வையுங்கள்

ரஸ்ட் 2018 எடிஷனுக்கு மாட்யூல் பாதைகளைத் திருத்தியபோது நடந்தது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 2017-இல் வந்த ஆரம்ப யோசனைகளில் சில மிகவும் துணிச்சலானவை. மாட் என்று எழுதி மாட்யூலை அறிவிக்கவே வேண்டாம், கோப்புறையைப் பார்த்துக் கம்பைலரே புரிந்துகொள்ளட்டும் என்றுகூட ஒன்று. அதற்கு எதிர்ப்பு வலுவாக எழுந்தது. பாதி எழுதிய கோப்பை விலக்கி வைக்க அந்த ஒரு வரியைக் கமென்ட் செய்வது பலரின் அன்றாடப் பழக்கம். அது போய்விடும் என்றார்கள். யோசனை கைவிடப்பட்டது.

எஞ்சிய கேள்வி சிறியது, ஆனால் எல்லோரையும் தொடுவது. யூஸ் வரியில் வரும் பாதை எங்கிருந்து தொடங்க வேண்டும்? எப்போதும் கிரேட்டின் (ரஸ்ட்டில் ஒரு பேக்கேஜ் போன்ற அலகு) பெயரிலிருந்தோ அதற்கான சிறப்புச் சொல்லிலிருந்தோ தொடங்க வேண்டும் என்பது ஒரு கட்சி. கோடின் மற்ற இடங்களில் பெயர் எப்படித் தீர்கிறதோ அப்படியே யூஸ் வரியிலும் தீரட்டும் என்பது மறு கட்சி. வாதத்தில் தீராத இந்த விஷயத்துக்கு இரண்டையுமே நைட்லியில் கட்டி, தங்கள் கோடில் போட்டுப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். 2018 டிசம்பரில் 1.31 வெளியானபோது, எந்த வழி வென்றாலும் உடையாத பகுதிதான் உள்ளே இருந்தது. இரண்டாவது வழி அடுத்த வெர்ஷனான 1.32-இல் நிலைபெற்றது.

இதில் கற்றுக்கொள்ள இரண்டு இருக்கின்றன. இரண்டு வழிக்கும் பொதுவான பகுதியை முதலில் வெளியிட்டால் காலக்கெடு உங்களை நெருக்காது. அடுத்தது, இலக்கண ருசி பற்றிய சண்டை கட்டுரைகளில் நடக்கும்போது முடிவே இல்லாதது; சொந்த கோடில் இருபது கோப்புகளை மாற்றிய பிறகு பலர் கட்சி மாறிவிடுவார்கள், அல்லது எதுவானாலும் சரி என்பார்கள். ஒன்றைக் கட்டுவதற்கே ஆள் இல்லாதபோது இரண்டா என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் வேண்டாம். எல்லாக் கோப்புகளையும் தொடும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் செய்யுங்கள்.

படி 7: மனிதர்கள் சொல்லாததை மெஷின் சொல்லட்டும்

ரஸ்ட்டில் கிரேட்டர் என்ற டூல் இருக்கிறது. பொதுவில் வெளியான பேக்கேஜ்களைப் பழைய கம்பைலரிலும் புதியதிலும் பில்டு செய்து, புதிதாக உடைந்தவற்றைப் பட்டியலிடும். ஜாவாவில் ஜேடெப்ஸ் என்ற டூல், உங்கள் ஜார் கோப்பு ஜேடிகேயின் (ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பு) உள் வகுப்புகளில் எதையெல்லாம் தொடுகிறது என்று காட்டும். ஜேடிகேயைத் திறந்த மூலமாக உருவாக்கும் ஓபன்ஜேடிகே தன் பங்குக்குத் திறந்த மூல புராஜெக்ட்டுகளோடு தொடர்பு வைத்து, முன்கூட்டிய பில்டுகளில் சோதிக்கச் சொல்லிக் கேட்கிறது. உங்கள் மொழி சிறியது என்றாலும் பொதுவில் இருக்கும் ஐம்பது புராஜெக்ட்டுகளை எடுத்து, மாற்றும் டூலை அவற்றின் மேல் ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட்டை எழுதுவது பெரிய வேலை அல்ல. உடைந்தவற்றின் உரிமையாளர்களுக்கு நீங்களே எழுதலாம்: "உங்கள் கோடை மாற்றிப் பார்த்தோம், இந்த இடத்தில் நின்றது, இப்படி எழுதியதற்குக் காரணம் இருக்கிறதா?" இப்படித் தொடங்கும் உரையாடல்கள் பொது அழைப்புகளைவிட நன்றாகப் போகும்.

பயனர் கணினியிலிருந்து தரவு எடுப்பதென்றால் கவனம் வேண்டும். கோ குழு 2023 பிப்ரவரியில் டூல்செயினில் டெலிமெட்ரி (பயன்பாட்டுத் தரவைத் தானாக அனுப்பும் வசதி) வைக்க முன்மொழிந்தபோது, வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம் என்ற வடிவில் இருந்தது. கடும் எதிர்ப்பு வந்தது. விரும்புபவர் மட்டும் இயக்கும் முறைக்கு மாற்றி, 1.23 வெர்ஷனில் சேர்த்தார்கள். முதலிலேயே அனுமதி கேளுங்கள்.

படி 8: வந்ததைப் பிரிப்பது

முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு அறிக்கையையும் நான்கில் ஒரு பெட்டியில் போடுவது: ஆவணம், எரர் மெசேஜ், டூல், வடிவமைப்பு. எப்படித் தெரியும்? எழுதியவருக்கு விஷயத்தை முழுதாக விளக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கியதும் வேலை நடந்துவிட்டால் அது ஆவணச் சிக்கல் அல்லது எரர் மெசேஜ் சிக்கல். நன்றாகப் புரிந்த பிறகும் அவரால் முடியவில்லை என்றால் வடிவமைப்பில் குறை. புரிந்தது, முடிகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் எட்டு வரி அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் டூல். வடிவமைப்புக் குறையை விளக்கத்தால் மூடப் பார்ப்பதும், ஆவணக் குறைக்காக வடிவமைப்பை வளைப்பதும் அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள்.

அடுத்து, எண்ணிக்கை. எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணாதீர்கள், எத்தனை வகையான வேலைமுறைகள் தடைப்படுகின்றன என்று எண்ணுங்கள். ஒரே நிறுவனத்தின் நாற்பது பேர் ஒரே புகாரை எழுதலாம், அது ஒரு வேலைமுறை. டெபியன் என்ற லினக்ஸ் வினியோகத்துக்குப் பேக்கேஜ் கட்டும் ஒருவர் தனியாக எழுதியிருக்கலாம். அவருக்குப் பின்னால் அந்த வினியோகத்தையே பயன்படுத்தும் அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

ஜேஎஸ்ஆர் 376 குழு திறந்த சிக்கல்களுக்கெல்லாம் ஒரு பொதுப் பட்டியல் வைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் குறியோடு ஒரு பெயர், சிக்கலின் விவரம், முன்மொழியப்பட்ட தீர்வு, முடிவு. வாக்கெடுப்பில் தோற்ற குழுவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் இது. பெயர் வைத்த சிக்கலைப் பற்றி இரண்டு பேர் பேச முடியும். பெயரில்லாத புகார் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும்.

படி 9: பதில் சொல்லுங்கள், 'இல்லை' என்பதையும் சேர்த்து

கோ மாட்யூல்களில் அதிகம் விவாதிக்கப்பட்ட விதி, இரண்டாவது பெரிய வெர்ஷனிலிருந்து இம்போர்ட் பாதையிலேயே வெர்ஷன் எண் வர வேண்டும் என்பது. பலருக்கு அது அழகாகத் தெரியவில்லை, பல லைப்ரரிகளுக்கு மாற்றச் சிரமமாக இருந்தது. குழு அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே பாதை என்றால் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் பாதை மாற வேண்டும். அப்போதுதான் ஒரே செயலிக்குள் இரண்டு பெரிய வெர்ஷன்களும் மோதாமல் இருக்க முடியும் என்று காரணத்தை விரிவாக எழுதினார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்றும் உண்டு. ஆனால் ஏன் என்று கேட்டவருக்குப் படிக்க ஒரு பதில் இருந்தது. அதுதான் நீங்கள் தர வேண்டியது.

ஏற்றுக்கொண்ட கருத்துகளுக்கு, எந்த அறிக்கையால் எது மாறியது என்று ரிலீஸ் குறிப்பில் எழுதுங்கள். ஜாவாவில் பழைய ஜார் கோப்பே தன்னைப் பற்றிய விவரம் அடங்கிய மேனிஃபெஸ்ட்டில் நிலையான மாட்யூல் பெயரைச் சொல்லிக்கொள்ளும் வசதி வந்தது, கோப்புப் பெயரிலிருந்து பெயரை ஊகிப்பது ஆபத்து என்று லைப்ரரிக்காரர்கள் விடாமல் சொன்னதால். ஜாவா 9-இல் உள் வகுப்புகளை ரிஃப்ளெக்ஷன் மூலம் தொடுவதற்கு எச்சரிக்கையோடு அனுமதி கிடைத்ததும் அப்படித்தான்.

படி 10: சோதனைக் காலத்தை முடிப்பது

'சோதனை நிலை' என்ற பலகை ஆண்டுக்கணக்கில் தொங்கினால் யாரும் அதை நம்ப மாட்டார்கள், புராடக்‌ஷனில் போட்டுவிடுவார்கள், பிறகு உங்களால் எதையும் மாற்ற முடியாது. கதவுகளை ஒவ்வொன்றாக, முன்பே சொன்ன தேதிகளில் மூடுங்கள். கோ 1.11-இல் சோதனை, 2020 பிப்ரவரியில் வந்த 1.14-இல் புராடக்‌ஷனுக்குத் தயார் என்ற அறிவிப்பு, 2021 பிப்ரவரியில் வந்த 1.16-இல் எல்லோருக்கும் இயல்பான முறை. ஜாவா 9-இல் எச்சரிக்கையோடு அனுமதித்ததை 16-இல் இயல்பாக மறுத்தது, 17-இல் அந்த அனுமதியைத் திரும்பத் திறக்கும் பொத்தானையே எடுத்துவிட்டது. கடைசிக் கட்டம்வரை முந்தைய நிலைக்குப் போக ஒரு வழி இருந்தது, அது ஒருநாள் போகும் என்றும் தெரிந்திருந்தது.

திரட்டிய அறிக்கைகளை என்ன செய்வது? ஒவ்வொன்றையும் சோதனையாக எழுதி வையுங்கள். கோ கமாண்டின் மூல கோடில் இப்படி ஏராளமான சிறு ஸ்கிரிப்ட் கோப்புகள் இருக்கின்றன. ஒரு கோப்புக்குள் சின்ன புராஜெக்ட் ஒன்று, அதன் மேல் ஓட்ட வேண்டிய கமாண்டுகள், வர வேண்டிய எரர். உங்களுக்கு வந்த படிவத்தில் "என்ன செய்ய முயன்றீர்கள்" என்ற பகுதியும் ஒட்டிய எரர் மெசேஜும் இருந்தால், அந்தக் கோப்பில் முக்கால்வாசி அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. அறிக்கை அனுப்பியவரின் அனுமதியோடு, அந்த அறிக்கையின் எண்ணைக் கோப்பின் முதல் வரியில் போடுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் அந்த இடத்தைத் திருத்த வரும்போது, ஏன் அப்படி இருக்கிறது என்று அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்.